மடித்த இலை

காகம் இலையை மடிக்காது. அது விமலாதேவிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் படுக்கையும் அடுப்புமுள்ள கேம்பர்வான் வண்டிக்கு முன்னால் உள்ள பாறையில் அவள் விரித்துவிட்டு வந்த வாழையிலை, சோறு, பருப்பு, பாகற்காய் எதுவும் மிச்சமில்லாமல், நடுவில் ஒழுங்காக மடிந்து கிடந்தது.

அன்றைக்கு ஆடி அமாவாசை, செத்துப்போன தகப்பனுக்கு விரதம். வீட்டில் இருந்திருந்தால் காலையிலேயே மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போயிருப்பாள். புருஷன் தனபாலனோ லீவு வீணாகக்கூடாதென்று இந்த வண்டியை வாடகைக்கு எடுத்து, தேசியப் பூங்காவின் ஓரத்துக்கு அவளை இழுத்து வந்துவிட்டான். பிடிவாதத்தில் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. வண்டிக்குள் இருந்த சின்ன அடுப்பிலேயே சமைத்து, ஹரிஸ் பார்க் கடையில் வாங்கிய இலையில் படைத்து, நடுமத்தியானத்திலும் கலையாத மூடுபனிக்குள் நின்று "கா… கா…" என்று தொண்டை கம்மும்வரை கூப்பிட்டிருந்தாள்.

"இஞ்சை ஒண்டுக்கும் சாப்பாடு வைக்கக்கூடாதெண்டு போர்ட் போட்டிருக்கெல்லோ, விமலா. ஏதோ ஒண்டு திண்டிட்டுது. நீ சாப்பிடு."

"அது காகமில்லையப்பா. காகம் தின்னாமல் நான் பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டன். இதையும் வைச்சிட்டு வாங்கோ."

அவன் சிரித்துக்கொண்டே இரண்டாவது இலையோடு இறங்கினான். ஈர யூகலிப்டஸ் மணத்துக்குள், கிழங்கு அழுகினமாதிரி ஒரு நாற்றமும் கதவுவழியே ஏறி வந்தது. எங்கோ மரப்பட்டை உரிந்து விழுந்தது. பிறகு பறவைச் சத்தம் எல்லாம் ஒரேயடியாக நின்றது.

"கா… கா…"

கம்மிய தொண்டை. அவளுடைய குரல்.

பனிக்குள் நின்ற தனபாலன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். "நீ உள்ளையெல்லோ நிக்கிறாய்?"

"ஐயோ, ஓடி வாங்கோ!"

ஓடி வந்தான். படியில் கால் வைத்தான். அவள் அவன் வலக்கையை எட்டிப் பிடித்தாள். பின்னாலிருந்து எதுவோ அவனை ஒரேயடியாகச் சுண்டி இழுத்தது. தோள்மூட்டு கழன்ற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவன் தாடை படியில் மோதிப் பல் தெறித்தது. அவள் விடவில்லை. மறுபடியும் இழுத்தது. சூடான இரத்தத்தில் அவள் பிடி வழுக்கியது.

கதவை அடித்துப் பூட்டினாள். கடவுளே, பூட்டிவிட்டாள். சாவி அவன் சட்டைப்பைக்குள்.

அலறல். வண்டி ஆடியது. கண்ணாடியில் சிவப்பாக ஒரு வீச்சு. எலும்பு முறிந்தது. ஒன்று. இன்னொன்று.

அமைதி.

வெகுநேரம் கழித்து யன்னல் திரையை விலக்கினாள். படியில் அவன் கொண்டுபோன இலை விரித்திருந்தது. துடைத்த இலை. சோறு வைக்கும் இடத்தில் அவனுடைய இடக்கை. கலியாண மோதிரம் தனியாக, உப்பு வைக்கும் மூலையில்.

பாறைக்குப் பக்கத்தில், பனிக்குள், உயரமாக ஏதோ குந்தியிருந்தது. தானும் இன்னும் வாய் வைக்காமல், அவள் சாப்பிடட்டுமென்று பார்த்துக்கொண்டிருந்தது.

"கா… கா…" என்று அவள் குரலில் கூப்பிட்டது.