பட்டியலில் இல்லாத தண்ணீர்

இந்த மாதத் தடிப்பு பூவிழியின் முறை. போன மாதம் நிதர்சன் கழுத்திலிருந்து கணுக்கால்வரை வாங்கிக்கொண்டு போனான். அதற்கு முந்தைய மாதம் அவள். மூன்று ஆண்டுகளாக இந்த முறையில் இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றியதில்லை.

"எந்த ஊர் மாட்டட்டும்?" என்றார் ஜலால் பாய். வேலூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய லாட்ஜில், சாவியைக் கொடுப்பதற்கு முன் கேட்கப்படும் கேள்வி அது. அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய விரல் நீளக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஊரின் பெயர்.

"சென்னை," என்றாள் பூவிழி.

"அப்ப இந்த வாட்டி தர்மபுரிக்குத்தான் சொறியா?"

"ஆமா பாய். அதுல உங்களுக்கு என்ன அவ்வளவு சந்தோஷம்?"

"நான் என்னம்மா பண்றது? ஒரு ரூமுக்கு ஒரு குழாய், ஒரு குழாய்க்கு ஒரு குப்பி. ரூலு அப்படி. ரெண்டு ரூம் எடுத்துக்கங்கன்னா எடுக்க மாட்டேங்கறீங்க."

"ரெண்டு ரூம் எடுக்கறதுக்கு நாங்க எதுக்கு பாய் வேலூர் வரணும்?" என்றான் நிதர்சன்.

பாய் சிரித்துக்கொண்டே சென்னைக் குப்பியை எடுத்தார்.

ஆறுகள் ஓய்ந்த பிறகு, எல்லா நகரங்களும் ஒரே தண்ணீரை ஒன்பது முறை, பத்து முறை சுத்தம் செய்து திரும்பத் திரும்பக் குழாயில் விட்டன. எவ்வளவு வடிகட்டினாலும் ஏதோ ஒன்று மிஞ்சியது. ஓர் ஊரில் சாயம், ஓர் ஊரில் உப்பு, ஓர் ஊரில் லட்சக்கணக்கானோர் விழுங்கிக் கழித்த மாத்திரை. குளித்தவர்களின் தோல் உரிந்தது. அப்போதுதான் உயிர்க்கலவையைக் கண்டுபிடித்தார்கள். அந்தந்த ஊரின் மிச்சத்தைத் தின்னப் பழக்கப்பட்ட நுண்ணுயிர்களைத் தண்ணீரிலேயே கலந்துவிட்டார்கள். அவை தோலில் குடியேறிக் காவல் இருந்தன. சொறி, சிரங்கு, படை எல்லாம் ஒரே தலைமுறையில் போய்விட்டன. சோப்புக்கூடத் தேவைப்படவில்லை.

ஒரே ஒரு குறை. ஓர் ஊரின் கலவை குடியேறிய தோல், வேறு ஊரின் கலவையைப் பகையாளியாக நினைத்தது. வெளியூரில் குழாயைத் திறந்து கை கழுவினால்கூடப் போதும், அரை மணி நேரத்தில் தடித்துவிடும். அதனால்தான் விடுதிகளில் குப்பிகள்; குழாயில் மாட்டினால் உள்ளூர்க் கலவையை நீக்கி, பெயரெழுதிய ஊரின் கலவையைச் சேர்ப்பவை. சொந்த ஊர்த் தண்ணீரைக் கேனில் எடுத்துப் போகலாமே என்றால், ஊர்நீர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று சட்டம். பேருந்தில் சோதனை செய்து கொட்டிவிடுவார்கள்.

தனியாகப் பயணம் போகிறவனுக்கு இதில் தொந்தரவே இல்லை. தொந்தரவெல்லாம், வேறு வேறு ஊர்த் தோலோடு ஒரே அறையில் தங்குகிறவர்களுக்குத்தான். பூவிழி தர்மபுரியில் அரசுப் பள்ளி ஆசிரியை. நிதர்சனுக்குச் சென்னையில் நாற்பது மாடிக் கட்டடங்களின் மின்தூக்கிகளைப் பழுது பார்க்கும் வேலை. தர்மபுரியில் அவனுக்கு வேலை இல்லை. சென்னையில் அவளுக்கு மாறுதல் கிடைக்கவில்லை. மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு நடுவழியில் வேலூர்.

அன்று மதியம் அவள் குளித்துவிட்டு வந்து மின்விசிறிக்கு நேர்கீழே தரையில் உட்கார்ந்தாள். முதலில் தோள்பட்டை. அப்புறம் முதுகு முழுக்க, பெல்ட்டால் விளாசியதுபோல் வரி வரியாக எழும்பியது. நிதர்சன் ஆறுதலாகத் தொட வந்தான்.

"கைய எடு. உன் விரல்லயே சென்னை இருக்கு."

அவன் நாளிதழை மடித்து விசிறினான். அதைவிட உருப்படியாகச் செய்ய எதுவுமில்லை. மூன்று நாளைக்கு எந்தக் களிம்பும் கேட்காது.

"திங்கக்கெழமை கிளாசுக்குள்ள நுழைஞ்சதும் பின் பெஞ்சுல ஆரம்பிச்சுடுவானுங்க," என்றாள். "டீச்சர் புருஷனப் பாத்துட்டு வந்துட்டாங்கடான்னு."

"எங்க ஷெட்டுல மட்டும் என்ன வாழுது? போன மாசம் ஒருத்தன் என் கழுத்தப் பாத்துட்டு, பாப்பா எப்பன்னு கேக்கறான்."

சிரித்தால் தோல் இழுத்து எரிந்தது. அதனால் அவள் பாதியில் நிறுத்தினாள்.

"அடுத்த வருஷம் மே மாசம் கலந்தாய்வு," என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு. "இதுதான் மூணாவது தடவை."

கணவன் மனைவி முன்னுரிமையில் மாறுதல் கேட்க ஒருவருக்கு மூன்று வாய்ப்புகள்தான். முதல் இரண்டிலும் அவளைவிட மூத்தவர்கள் இடத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த முறை பட்டியலில் அவள் பெயர் நான்காவது. சென்னையில் காலியிடம் ஒன்பது. தோல்சான்று மட்டும் வாங்கிவிட்டால் போதும், ஜூன் மாதம் ஒரே வீடு.

இரவல் தாலியோடும் போலிப் பத்திரிகையோடும் மாறுதல் வாங்கியவர்கள் பெருகிவிட்டதால், துறை காகிதத்தை நம்புவதை விட்டுவிட்டுத் தோலை நம்பத் தொடங்கியிருந்தது. மனைவியின் தோலில் அவள் பணிபுரியும் ஊரின் கலவை இருக்க வேண்டும். அதற்கு அடியில் கணவன் ஊரின் சுவடு கொஞ்சம் இருக்க வேண்டும். துணைத்தடம் என்று அதற்குப் பெயர். பொய் சொல்லத் தெரியாத ஒரே உறுப்பு தோல்தான் என்று சுற்றறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

மாலையில் நிதர்சன் கீழே இறங்கிப் போனான். திரும்பி வரும்போது கையில் குறடும், பாயின் பழைய சாமான் பெட்டியிலிருந்து எடுத்த, இரண்டு குழாய்களை ஒன்றாக இணைக்கும் ஒரு டீ ஜாயிண்டும் இருந்தன.

"என்னடா பண்ணப் போற?"

"அடுத்த மாசத்துலேர்ந்து ரெண்டு குப்பியும் ஒண்ணா மாட்டலாம். பாதி உன் ஊரு, பாதி என் ஊரு. எரிஞ்சா ரெண்டு பேருக்கும் பாதி எரியட்டும். ஒருத்தர் துடிக்கறத இன்னொருத்தர் வேடிக்கை பாக்க வேணாம். பாய் கண்டுக்க மாட்டேன்னுட்டாரு."

அவளுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளாக இது ஏன் தோன்றவில்லை என்றுதான் இருந்தது.

அடுத்த மாதம் குழாயைத் திறந்தபோது, இருவருக்கும் வேர்க்குரு மாதிரி இளஞ்சிவப்பாகப் பொரிந்து மறுநாளே அடங்கியது. அதற்கடுத்த மாதம் லேசான அரிப்பு மட்டும். ஐந்தாவது மாதம் ஒன்றுமே இல்லை. ஈரக் கையோடு அவன் முகத்தைத் துடைத்தாள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மணி நேரம் குளியலறையிலேயே இருந்தார்கள். தண்ணீர் தீர்ந்துபோனதாக மேல்மாடிக்காரர் சண்டைக்கு வந்தார்.

"கல்யாணமாகி எத்தன வருஷம் சொன்னீங்க?" என்றார் பாய், மேல்மாடிக்காரரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு.

"ஆறு பாய்."

"நம்பற மாதிரியே இல்லியே."

மார்கழியில் தர்மபுரி வீட்டுக் குழாயில் பாத்திரம் கழுவும்போது பூவிழிக்குப் புறங்கை சிவந்தது. பாத்திரத்தூளை மாற்றிப் பார்த்தாள். அப்படியும் போகவில்லை. தொலைபேசியில் சொன்னபோது நிதர்சன், தனக்கும் முழங்கை மடிப்பில் ஒரு வாரமாக அரிக்கிறது, பனிதான் காரணம் என்றான். பனி போனது. அரிப்பு போகவில்லை. வேலூருக்குப் போன இரண்டு நாளும் மட்டும் தோல் பச்சைப்பிள்ளையுடையதுபோல் அமைதியாக இருந்தது. சந்தோஷமாக இருந்தால் உடம்பும் நன்றாக இருக்கும்போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மே மாதம் வேலூர் தோல்சான்று அலுவலகத்தில் காலை பத்தரைக்கு அவர்களுடைய எண் வந்தது. அதிகாரியின் பெயர் ரெஜினா. ஐம்பது வயது இருக்கும். கோடையிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். மேசைமேல் இட்லித் தட்டு அகலத்தில் ஒரு கண்ணாடி. அதுதான் தோல்மானி.

"உள்ளங்கைய வைங்கம்மா. அழுத்த வேணாம்."

வைத்தாள். திரையில் ஊர்ப்பெயர்கள் ஓடின. ஓடி முடிந்து, 'பொருந்தவில்லை' என்று நின்றது. ரெஜினா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். மறுபடியும் அதே. நிதர்சனை வைக்கச் சொன்னார். அவனுக்கும் அதே.

ரெஜினா திரையில் இருவருக்கும் விழுந்திருந்த இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்திப் பார்த்தார். ஒரே கோடாகத் தெரிந்தது.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி அச்சு அசலா பொருந்துற புருஷன் பொண்டாட்டிய நான் பாத்ததில்ல," என்றார்.

பூவிழிக்கு மூச்சு வந்தது. "அப்ப சரிதானே மேடம்?"

"எதும்மா சரி? இது எந்த ஊருத் தண்ணி?"

ரெஜினா திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"பட்டியல்ல நானூத்திப் பன்னெண்டு ஊரு இருக்கு. இது அதுல ஒண்ணுகூட இல்ல. மனைவி ஊருன்னு ஒரு கட்டம், கணவர் ஊருன்னு ஒரு கட்டம். ரெண்டுலயும் ஒரே கோடு வந்தா, ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கீங்கன்னு இது எடுத்துக்கும். ஒரே வீட்டுல இருக்கறவங்களுக்கு எதுக்கு மாறுதல்?"

"நாங்க ஒரே வீட்டுல இல்ல மேடம். அதுக்குத்தானே வந்துருக்கோம்."

"அது எனக்குத் தெரியுது. இதுக்குத் தெரியாதே." ரெஜினா தோல்மானியை விரலால் தட்டினார். "இன்னொண்ணும் இருக்கு. உங்க தோல்ல தர்மபுரி இல்ல. வேலை பாக்கற ஊர்ல தங்கலன்னு ஸ்கூலுக்குத் தானா ஒரு மெமோ போயிடும். போயிருக்கும் இந்நேரம்."

நிதர்சன் டீ ஜாயிண்ட் விஷயத்தைச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. ஜலால் பாயின் பெயரை மட்டும் விட்டுவிட்டான்.

ரெஜினா நாற்காலியில் சாய்ந்தார். "ரெண்டும் கலந்து தோல்ல மூணாவதா ஒண்ணு குடியேறிடுச்சு. யார் உங்கள இப்படிப் பண்ணச் சொன்னா?"

"அவளுக்கு வலிச்சுது மேடம்."

"வலிக்கணும். அதுதான் தடம்."

சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து மேலே வரி வரியாக, இன்னும் ஆறாத தடிப்பு. "என் வீட்டுக்காரர் திருச்சி. பதினோரு வருஷம் ஆச்சு. முந்தாநேத்துதான் போய்ட்டு வந்தேன். நாளைக்கு அடங்கிடும்." கையை இறக்கிவிட்டார். "காலைல மொத ஆளா ஒரு பொண்ணு வந்துச்சு. புருஷன் பேரக் கேட்டா பேப்பரப் பாத்துச் சொல்லுது. அவன எத்தன தடவ பாத்துருக்குமோ தெரியல. ஆனா லாட்ஜுல தனியா ரூம் எடுத்து, சென்னைத் தண்ணில வேளாவேளைக்குக் குளிச்சிருக்கு. தடம் பளிச்சுன்னு இருந்துச்சு. கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

"எங்களுக்கு வழியே இல்லியா மேடம்?" என்றாள் பூவிழி. அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. மதிப்பெண் கேட்டு நிற்கும் மாணவியின் குரல்.

"இருக்கு. மீள்பதிவு." ரெஜினா இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "இதுல கையெழுத்துப் போட்டா உங்க வாய்ப்பு ரத்தாகாது, நிறுத்தி வைப்பாங்க. மெமோவும் நிக்கும். இருநூறு நாள் அவங்கவங்க ஊருத் தண்ணில மட்டும் இருக்கணும். வேற தண்ணி ஒரு சொட்டுப் படக் கூடாது. உங்க ரெண்டு பேரு தோலும்தான் இப்ப வேற தண்ணி. அதனால சந்திக்கக் கூடாது, தொடக் கூடாது. வாராவாரம் உள்ளூர்ல கைய வெச்சுக் காட்டணும். நடுவுல ஒரு தடவ கோடு ஆடினாலும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"சொந்த ஊருத் தண்ணியே இப்ப எரியுதே மேடம்."

"ஒரு மாசம் எரியும். அப்புறம் பழகிடும்."

நிதர்சன் படிவத்தை இரண்டு முறை படித்தான். இயந்திரங்களோடு பழகியவன். எங்கே இடிக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டான்.

"மேடம், இருநூறு நாள் கழிச்சு இவ தோல்ல முழுக்க தர்மபுரி மட்டும்தான் இருக்கும். என் ஊரு ஒரு துளிகூட இருக்காது."

"இருக்காது."

"துணைத்தடம் இல்லாம எப்படி முன்னுரிமை குடுப்பீங்க?"

"குடுக்க முடியாது. அப்புறம் நீங்க மறுபடி சந்திச்சுத் தடம் ஏத்தணும். முறையா. ஒரு மாசம் இவங்களுக்கு, ஒரு மாசம் உங்களுக்கு. ரெண்டு ரெண்டரை வருஷம் ஆகும், நல்லாப் பதிய."

"அதத்தானே மேடம் மூணு வருஷமா பண்ணிட்டு இருந்தோம்!"

"நிறுத்தாம இருந்திருந்தா இன்னைக்கு வாங்கிட்டுப் போயிருப்பீங்க," என்றார் ரெஜினா. கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கே அது வருத்தமாகத்தான் இருந்தது. வெளியே அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு தம்பதி கதவருகே வந்து நின்றார்கள். இருவரில் அந்தப் பெண்ணின் கழுத்து மட்டும் ரத்தச் சிவப்பாக வீங்கியிருந்தது. அவள் அதைப் பெருமையாகச் சேலையால் மூடாமல் வைத்திருந்தாள்.

"கையெழுத்துப் போடலன்னா?" என்றாள் பூவிழி.

"மூணாவது வாய்ப்பும் போச்சுன்னு பதிவாகும். ரிட்டயர் ஆகறவரைக்கும் தர்மபுரிதான். அதுவும் மெமோவுக்குப் பதில் சொன்னதுக்கு அப்புறம்."

நிதர்சன் பேனாவைக் கீழே வைத்தான். பூவிழி அதை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் பக்கம் படிவத்தைத் தள்ளினாள். அவன் அவளைப் பார்க்காமல் போட்டான். ரெஜினா முத்திரை குத்தினார்.

"எப்பலேர்ந்து மேடம்?" என்று கேட்டான்.

"முத்திரை குத்தின நேரத்துலேர்ந்து."

படிக்கட்டு குறுகலானது. ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க முடியும். நிதர்சன் இரண்டு படி இறங்கி, எப்போதும்போல் திரும்பி அவள் தோள்பையை வாங்கக் கை நீட்டினான். பூவிழி பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நீ முன்னாடி போ," என்றாள். "நான் அடுத்த டவுன் பஸ்ல ஸ்டாண்டுக்குப் போறேன்."