கரி அடுப்பின் மூடி

தில்லைநாயகி மணியை அழுத்தவில்லை. குப்பை வாளியோடு கதவைத் திறந்த மர்கரீத்தான் அவளைக் கண்டாள். எவ்வளவு நேரமாக அந்த மாடிப்படியில் நின்றிருந்தாளோ, உதடுகள் நீலம் பாரித்திருந்தன. 1985ஆம் ஆண்டு ஜனவரி பதினாறாம் தேதி, புதன்கிழமை. பாரிசில் பத்து நாளுக்கும் மேலாக உறைபனி.

“சூசைநாதன் ஐயா வீடு இதுதானே?”

“இதேதான். முதல்ல உள்ள வாங்க.”

லூசியன் சூசைநாதன் புதுச்சேரிக்காரர். பிரான்சின் வடக்கே ஒரு வார்ப்பு ஆலையின் வரைபட அறையில் முப்பது வருடம் கணப்பு அடுப்புகளை வரைந்துவிட்டு, ஓய்வு பெற்று பாரிசின் லா ஷப்பல் பகுதியில் குடியிருந்தார். காலஞ்சென்ற மனைவியின் தங்கை மர்கரீத். தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள். வாரம் ஒரு துப்பறியும் நாவல் படிப்பவள். போன வருடம் பெர்தொனே தெரு நகைக்கடையில் காணாமல் போன தாலிக்கொடியை லூசியன் நாற்காலியை விட்டு எழாமலே கண்டுபிடித்துக் கொடுத்தார். அதிலிருந்து அக்கம்பக்கத்துத் தமிழர்கள் சிக்கல் என்றால் இந்தப் படி ஏறினார்கள்.

காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தில்லைநாயகி பேசினாள்.

“என்ரை தம்பியைக் கொலைகாரன் எண்டு எழுதப் போகினம், ஐயா. தவரத்தினம் எண்டு பேர். இஞ்சை பக்கத்துத் தெருவிலை மூண்டு பேராய் ஒரு அறையிலை இருக்கிறவங்கள். திங்கக்கிழமை, பொங்கலண்டு, பின்னேரம் நாலு மணிக்குத் தம்பி வேலையாலை வந்து பார்த்தால், கூட இருக்கிற இராஜதுரை பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறான். கரி அடுப்பின்ரை நச்சுக் காத்து. ஜன்னலை உடைச்சுப் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினவன். ஆசுபத்திரியிலை இன்னும் கண் முழிக்கேல்லை.”

“அதுக்கு உங்க தம்பி என்ன செய்வான்?” என்றாள் மர்கரீத்.

“புகைக்குழாயிலை ஒரு கிளே இருக்கக்கா. திருகிப் பூட்டினால் நெருப்பு அடங்கி மெல்ல எரியும். அது பூட்டிக் கிடந்தது. ஆர் பூட்டினது எண்டு பொலிஸ் கேட்டவை. நான்தான் எண்டு தம்பி சொல்லிப்போட்டான். முதல் நாள் அடுப்புக்குக் கிட்டப் படுக்கிற இடத்துக்கு ரெண்டு பேருக்கும் சண்டை. அதையும் இரத்தினம் அண்ணை சொல்லிப்போட்டார். அவரின்ரை பேரிலைதான் அறை.”

தவரத்தினத்தை நேற்று மதியம் விட்டிருந்தார்கள். ஆனால் அவன் இந்த நாட்டில் தங்குவதற்கான தற்காலிகத் தாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாளை காலை பத்து மணிக்குக் கொமிசாரியாவுக்கு, அந்தப் போலீஸ் நிலையத்துக்கு, திரும்ப வர வேண்டும். வேறு காரணம் ஏதும் இருந்தால் அப்போது காட்ட வேண்டும்.

“இராஜதுரை செத்துக்கித்துப் போனானெண்டால்…” அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “இந்த முறை பால் நல்லாக் கிழக்காலை வழிஞ்சது, ஐயா. இனி எங்களுக்கு விடிஞ்சுது எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சனான். என்ரை கண்ணே பட்டுதோ தெரியேல்லை.”

லூசியன் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். “அந்த அறையில எத்தனை குளிர்காலமா இருக்காங்க?”

“இது மூண்டாவது.”

“கிளேயைத் தினமும் மூடுவாங்களா?”

“ஓம். கரி கனநேரம் நிக்கவேணும் எண்டு எல்லாரும்தான்.”

“மூணு குளிர்காலம் ஒண்ணும் செய்யாத கிளே திங்கக்கிழமை மட்டும் ஆளைக் கொல்லப் பாக்குமா?” அவர் மேலங்கியை எடுத்தார். “வாங்க, அடுப்பையே கேப்போம்.”

தெருவில் பனி கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. தில்லைநாயகி முன்னால் போக, மர்கரீத் லூசியனின் கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் சொன்னாள்: “சண்டையைப் பத்திப் போய்ச் சொன்னானே இரத்தினம், அவன்தான் அத்தான். எப்பவும் அப்படித்தான் வரும்.”

“போன வாரம் நீ படிச்ச புத்தகத்துல யாரு?”

“டாக்டர்.”

“அதுக்கு முந்தின வாரம்?”

“அதுவும் டாக்டர்தான்.”

“அப்போ இரத்தினத்தை விடு. ஒரு டாக்டரைத் தேடு.”

மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவர் இரத்தினம். நாற்பது வயது, கழுத்தைச் சுற்றிக் கம்பளி. அறையில் மூன்று மெத்தைகள். உடைந்த ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தார்கள். அதன் ஓரத்தில் குளிர் விசிலடித்தது. கீழே ஜன்னல் விளிம்பில் வெள்ளையாக மாவுத் தடம். தவரத்தினம் சுவரோரம் மெத்தையில் குந்தியிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்தான். அவள் பின்னால் வந்தவர் நேராக அடுப்பிடம் போவதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

அடுப்பு இடுப்பளவு உயரமான வார்ப்பிரும்புத் தூண். மேலே கரி போடும் வட்ட வாய், அதற்கு ஒரு கனத்த மூடி. கீழே சாம்பல் கதவு. முதுகிலிருந்து புகைக்குழாய் எழுந்து சுவருக்குள் போனது. லூசியன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மாட்டைத் தடவுவதுபோலத் தடவினார்.

முதலில் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிப் பற்றவைத்துக் கீழ்க்கதவருகே பிடித்தார். தீ நாக்கு சாய்ந்து உள்ளே ஓடியது.

“புகைபோக்கி நல்லா இழுக்குது. அடைப்பு இல்ல.”

பிறகு குழாயின் மூட்டைக் கழற்றி, மர்கரீத்தின் டார்ச்சால் உள்ளே பார்த்தார். கிளேயைத் திருகினார். வட்டத் தகடு குழாயை அடைத்து நின்றது; ஆனால் அதில் கால்வாசி வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

“இதை வேணும்னுதான் இப்படிச் செய்யறது. முழுசா மூடினாலும் இந்தக் கால்வாசி வழியாப் புகை போகும். மனுஷன் மறப்பான்னு தெரிஞ்சு வரைஞ்சது. அடுப்பு வரையறவன் முதல்ல மறதியைத்தான் வரையணும்னு எங்க மேஸ்திரி சொல்லுவார்.”

“அப்ப தம்பி கிளே பூட்டினதாலை இல்லையோ?” என்றாள் தில்லைநாயகி.

“அதால மட்டும் இல்ல. குழாய் வழியா வெளிய போகவேண்டியது வேற எங்கியோ வழி கண்டுபிடிச்சிருக்கு.”

அவர் மூடியின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். டக். மறு ஓரத்தை அழுத்தினார். டக். ஒரு கால் குட்டையான முக்காலிபோல மூடி ஆடியது.

தவரத்தினம் கண்ணை மூடிக்கொண்டான்.

லூசியன் மூடியைத் தூக்கித் தரையில் வைத்தார். அடுப்பின் வாயைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம், அதில் மணல். “மூடியோட விளிம்பு இந்த மணலுக்குள்ள இறங்கி நிக்கணும். இரும்பும் இரும்பும் சரியாப் பொருந்தாது, சந்து விடும். மணல் சந்து விடாது. பழைய யோசனை, நல்ல யோசனை.” சுவர்ப் பக்கத்து மணலை அள்ளினார், விரலிடையே வழிந்து விழுந்தது. ஜன்னல் பக்கத்து மணலில் விரல் இறங்கவில்லை. அது கறுத்துக் கல்லாகி, பள்ளத்துக்கு மேலே புடைத்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் புதுக் கீறல்கள்.

“இதைப் பாருங்க அத்தான்.” கரி வாளிக்குப் பின்னாலிருந்து மர்கரீத் ஒரு கரண்டியை எடுத்துக் காட்டினாள். முனை வளைந்து, கறுப்புப் பொருக்கு ஒட்டியிருந்தது. “எவனோ வேணும்னே மூடியைக் கெடுத்திருக்கான். அப்புறம் தடயத்தைச் சுரண்டப் பாத்திருக்கான்.” அவள் இரத்தினத்தைப் பார்த்தாள்.

இரத்தினம் கம்பளியை இறுக்கிக்கொண்டார். “என்னை ஏன் பாக்கிறியள்? பொங்கலுக்கு முதல் நாளே நான் சார்செல்லுக்கு மச்சான் வீட்டை போயிட்டன். நேற்று ராத்திரிதான் வந்தனான். பொலிஸ் அங்கை வந்து சண்டை நடந்ததோ எண்டு கேட்டவை, ஓம் எண்டனான். அவன் கொல்லுவான் எண்டு நான் சொல்லேல்லை. கரண்டி என்ரைதான். இவ்வளவு நாளும் நேராத்தான் இருந்தது.”

“நீங்க சொல்றது நிஜம்,” என்றார் லூசியன். கரண்டியை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தில்லைநாயகியிடம் நீட்டினார். “என்ன வாசனைன்னு சொல்லுங்கம்மா.”

அவள் முகர்ந்தாள்.

“பால்,” என்றாள். “கருகின பால்.”

“பொங்கல் எங்க வச்சீங்க?”

“இஞ்சைதான், ஐயா. எபினேயிலை நான் இருக்கிற வீட்டிலை கரண்டுத் தட்டுத்தான். நெருப்பிலை பொங்கினால்தானே பொங்கல். விடிய வெள்ளனவே பானையோடை வந்தனான்.”

“மூடிக்கு மேல வச்சீங்களா?”

“அது கொதிக்காது. சூரியன் வந்திட்டுது, நேரமில்லை. மூடியை எடுத்துப்போட்டு நெருப்புக்கு நேரை…” அவள் ஜன்னலைப் பார்த்தாள். தான் போட்ட கோலத்தின் மாவுத் தடத்தைப் பார்த்தாள். பிறகு பள்ளத்தில் கல்லாகிக் கிடந்த மணலை.

“ஜன்னல் கிழக்கு,” என்றார் லூசியன், மெதுவாக. “நீங்க வந்ததுமே சொன்னீங்க, பால் கிழக்கால வழிஞ்சதுன்னு. அந்தப் பால் எங்க போயிருக்கும்? பானையோட வயித்துல இறங்கி, இந்த மணல்ல. சூட்டுல கருகிப் பொருமி இறுகிடுச்சு. அப்புறம்?”

“பத்து மணிக்கு இராஜதுரை இரவு வேலையாலை வந்தவன். ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். படுத்திட்டான். தம்பி கரி போட்டு, மூடி போட்டு, கிளேயைப் பூட்டினான். நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வெளிக்கிட்டனாங்கள்.”

“மூடி அன்னிக்கு ஒரு பக்கம் தூக்கி நின்னிருக்கு. கிளே திறந்திருந்தா புகைபோக்கி எல்லாத்தையும் இழுத்திருக்கும். மூடி சரியா இருந்திருந்தா அந்தக் கால்வாசி போதும். ரெண்டும் ஒரே நாள்ல சேந்துபோச்சு. கரிக்காத்துக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. தூங்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது.”

அட்டையின் ஓரத்தில் காற்று விசிலடித்தது.

“அப்போ கரண்டி?” என்றாள் மர்கரீத். அவளும் குரலைத் தாழ்த்தியிருந்தாள். 

“அதைத்தான் யோசிச்சேன். இரத்தினம் நேத்து ராத்திரிதான் வந்தார். அதுக்கு முந்தி, மத்தியானத்துலேர்ந்து இங்க தனியா இருந்தது ஒரே ஆள். ஆனா பாரு, இந்தக் கல்லு மணல்தான் அந்த ஆளை விடுவிக்கிற சாட்சி. இதைக் காட்டினா கொமிசாரியாவுல கேஸே இல்ல. தன்னைக் காப்பாத்தற சாட்சியைத் தானே சுரண்டி எடுக்கிறவன் தனக்காகப் பயப்படல. வேற ஒருத்தருக்காகப் பயப்படறான்.”

தில்லைநாயகி தம்பியிடம் போய் நின்றாள்.

“தெரிஞ்சுகொண்டோ வாயை மூடிக்கொண்டு இருந்தனி?”

தவரத்தினம் தரையைப் பார்த்தே பேசினான். “கரி போடேக்கை மூடி சரியா இருக்கேல்லை அக்கா. ரெண்டு தட்டுத் தட்டிப்போட்டு வேலைக்கு ஓடினனான். நேற்று வந்து பாக்கேக்கைதான் விளங்கினது. என்ரை தாள்தான் போச்சு. உன்ரை பேரும் அவையின்ரை கையிலை போகவேணுமோ?”

“விசரா,” என்றாள் அவள். அவன் தலையில் ஒரு குட்டு விழுந்தது, பலமான குட்டு. பிறகு அதே கையை அங்கேயே வைத்துக்கொண்டு அழுதாள். “நான் ஊட்டின சோறெல்லோ அவனுக்கு…”

“சோறு ஒண்ணும் செய்யலம்மா,” என்றார் லூசியன். “இதுல குத்தவாளி யாரும் இல்ல. வேணும்னா என்னைச் சொல்லுங்க. முப்பது வருஷம் இந்த மாதிரி மூடியை வரைஞ்சேன். கரி, காத்து, மறதி எல்லாத்தையும் யோசிச்சோம். பால் பொங்கி வழியும்னு அந்த வரைபட அறையில ஒருத்தன் யோசிச்சிருக்கணும்னா அது நான்தான். யோசிக்கல.” அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். “நான் படம் போட்டுத் தரேன், பிரெஞ்சுல விளக்கமும் எழுதறேன். ஆனா பானையை வச்சது யாருன்னு படம் சொல்லாது. அதை நீங்கதான் சொல்லணும். இவனைக் கேட்டா இவன் சொல்ல மாட்டான்.”

“நீ வரவேண்டாம் அக்கா,” என்றான் தவரத்தினம்.

அவள் லூசியனிடம் சொன்னாள்: “என்ரை பேரை முதல் எழுதுங்கோ, ஐயா. எழுத்துப் பிழை இல்லாமல்.”

மறுநாள் காலை பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கொமிசாரியா வாசலில் நான்கு பேர் நின்றார்கள். லூசியனின் கக்கத்தில் சுருட்டிய வரைபடம். இரத்தினம் கையில் பிஸ்கட் டப்பா. உள்ளே பெயர்த்தெடுத்த மணல் கட்டி. கொண்டுவந்து தருவேன் என்று அவரே வந்திருந்தார். தவரத்தினத்தின் கை மேலங்கிப் பையில் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. தாள் அங்கே இல்லை என்பது அதற்கு இன்னும் பழகவில்லை.

மூலையிலிருந்த தொலைபேசிக் கூண்டிலிருந்து மர்கரீத் வந்தாள். பனியில் ஓடப் பயந்து, நடக்கவும் பொறுக்காமல் வந்தாள்.

“இராஜதுரை கண்ணைத் திறந்துட்டானாம். பேரைக் கேட்டாச் சொல்றானாம். தலைவலி தாங்கலையாம், இன்னும் எழுந்து நிக்க விடல. மத்ததெல்லாம் நாளைக்குத்தான் சொல்லுவாங்களாம்.”

தில்லைநாயகி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு லூசியனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

“ஐயா, பால் கிழக்காலை வழிஞ்சால் நல்லதெண்டுதானே சொல்லுறவை.”

லூசியன் அடுப்பைப் பற்றித்தான் பேசத் தெரிந்தவர்.

“நாலு பக்கமும் வழிஞ்சிருந்தா மணல் முழுக்கக் கல்லாயிருக்கும். மூடி சுத்திலும் தூக்கி நின்னிருக்கும். உங்க தம்பி நாலு மணிக்கு வந்தப்போ இராஜதுரைக்கு உயிர் இருந்திருக்காது. அது ஒரு பக்கம் மட்டும் வழிஞ்சுது. மத்த பக்கம் மணல் மணலாவே இருந்துது.” அவர் தொப்பியைச் சரிசெய்தார். “நல்லதா கெட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியல, அம்மா. அவன் உயிரோட இருக்கறது அதனாலதான்.”

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு தம்பியின் கையை அந்த வெறும் பையிலிருந்து வெளியே எடுத்துத் தன் கையில் பிடித்துக்கொண்டு, அவனுக்கு முன்னால் படியேறினாள்.