எதிர் சீட் ஆசாமி

சுரங்கம் முடிந்தது.

ரயில் பெட்டிக்குள் சடாரென்று பகல் வெளிச்சம் பாய்ந்தது.

"வீல்ல்ல்...!"

அவள் போட்ட கூச்சலில் பெட்டியே எழுந்து நின்றது.

எதிரே ஜன்னலோரம் அவள் புருஷன். அவன் தோளில் தலையைச் சாய்த்தபடி, பக்கத்து சீட் தொப்பிக்காரர்... பார்த்தால் அசந்து தூங்குகிறவர் மாதிரி.

ஆனால் தூங்குகிறவர் கழுத்தில் கத்தி இருக்காது!

பிடி வரைக்கும் இறங்கியிருந்தது. குழாய் உடைந்தது போலக் கொட்டிய ரத்தத்தில் புருஷனின் வெள்ளைச் சட்டை நிறம் மாறிக்கொண்டிருந்தது. தொப்பிக்காரரின் குதிகால் தரையைத் தடதடவென்று உதைத்தது.

அப்புறம் அடங்கியது.

"ஐயோ, என்னங்க! உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"எ... எனக்கு ஒண்ணுமில்ல. இவருக்குத்தான்..."

அவள் கண்கள் நடைவழிப் பக்கம் திரும்பின.

பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். முதுகு வளையாமல். வலது கை மணிக்கட்டு வரை சிவப்பு!

"பாவி!" அவள் அலறினாள். "குறி தப்பிடுச்சா பெரியப்பா?"

அவர் கைக்குட்டையை எடுத்தார். விரல் விரலாகத் துடைக்க ஆரம்பித்தார்.

யாரோ அபாயச் சங்கிலியை நோக்கித் தாவினார்கள்.

"இழுக்காதே!" என்றார் பெரியப்பா. "அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போகட்டும். ரயில்ல போலீஸ் இருக்கும். கூப்பிடு!"

* * *

அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வாரம்.

பிறந்தது மரம் அறுக்கும் மில் குடும்பத்தில். கட்டிக்கொண்டது பேக்கரிக்காரனை. அடுப்புச் சூடு பட்டுப் பட்டு, முழங்கை வரை தழும்பு விழுந்த கைகள் அவனுக்கு. அவளுக்கு அந்தக் கைகள் போதும். பெரியப்பாவுக்குப் போதவில்லை.

"பன்னு சுடறவன் நம்ம வாசப்படியை மிதிக்கக் கூடாது!" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்த வீட்டில் பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். மரத்தை அறுத்த மனுஷனுக்குக் கழுத்தை அறுக்க எத்தனை நேரமாகும்?

இருவரும் ஓடினார்கள்.

ஒரே ஆறுதல், கூடப் பிறந்த அண்ணன். ஃபோனிலேயே வழி சொன்னான்.

"பாப்பா, கார் மட்டும் எடுக்காதீங்க. ஒரு டிரைவர் போதும் காட்டிக் கொடுக்க. ட்ராம்ல ஏறுங்க, படகுல ஆத்தைத் தாண்டுங்க, அப்புறம் ரயில். கூட்டத்தோட கூட்டமாப் போனா ஒரு பய கண்டுபிடிக்க முடியாது. டிக்கெட் நான் போட்டு அனுப்பறேன்!"

ட்ராமில் ஏறிய முதல் நாளே பின் சீட்டில் பெரியப்பாவைப் பார்த்துவிட்டாள். ஓடுகிற ட்ராமிலிருந்து புருஷனை இழுத்துக்கொண்டு குதித்தாள். முட்டி பெயர்ந்தது. உயிர் பிழைத்தது.

இன்று காலை, அண்ணன் போட்டுக் கொடுத்த டிக்கெட்டில் இந்த ரயில். பகலில் விளக்குப் போடாத பழைய பெட்டி. எதிர் சீட்டில் தொப்பிக்காரர். வாய் ஓயாத மனுஷன். எந்த ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கும், எந்தப் பஸ்ஸில் ஏறினால் நிற்க வேண்டியிருக்கும், எல்லாம் அத்துப்படி.

ரயில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"தங்கச்சி, தப்பா நினைச்சுக்காதம்மா. பின்னால பாத்து உக்காந்து போனா எனக்குக் குடலைப் புரட்டும். சீட்டு மாத்திக்கலாமா?"

"அதுக்கென்னங்க!"

புருஷன் பக்கத்திலிருந்து எழுந்து எதிரே போனாள். தொப்பிக்காரர் அவன் பக்கத்தில் வந்து பாந்தமாக உட்கார்ந்தார்.

ஜங்ஷன் வந்தது. இஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டினார்கள். வந்த திசைக்கே திரும்பி, வேறு பாதையில் பிரிந்து ஓடியது ரயில்.

அப்போதுதான் நடைவழிக்கு அந்தப் பக்கம் ஒரு செய்தித்தாள் கீழே இறங்கியது.

பின்னால் பெரியப்பா!

"என்னங்க... அவரு!" உதடு மட்டும் அசைந்தது அவளுக்கு. "எந்திரிங்க, வேற பெட்டிக்குப் போயிடலாம்!"

"யாரும்மா அந்தப் பெருசு? மிரட்டறாரா?" தொப்பிக்காரர் அவள் புருஷனின் தொடையில் கையை வைத்து அழுத்தினார். "உக்காருங்க தம்பி. நான் இருக்கேன்ல?"

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது...

* * *

ரயில்வே இன்ஸ்பெக்டர் பிணத்தைப் பார்த்தார். பெரியப்பாவின் கையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"எனக்கு வேலையே வைக்கல போலிருக்கே! யாரு பெரியவரே செஞ்சது?"

"நான்தான்."

"சார், என் புருஷனைக் கொல்ல வந்தவர் சார் இவரு!" அவள் வெடித்தாள். "இருட்டுல ஆள் மாறிப் போச்சு. பாவம், ஒரு அப்பாவி மனுஷன் செத்துட்டாரு!"

"அப்பாவியா?" பெரியப்பா முதல் தடவையாக அவளை நேருக்கு நேர் பார்த்தார். "சீட்டு மாத்தறப்ப உன்கிட்ட என்ன சொன்னான்?"

"பின்னால பாத்து உக்காந்தா... குடலைப் புரட்டும்னு..."

"ஜங்ஷனுக்கு அப்புறம் இந்த வண்டி எந்தப் பக்கம் ஓடுது?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

மரங்கள் அவள் முகத்தை நோக்கி ஓடி வந்தன. அவள்தான் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அப்படியென்றால் தொப்பிக்காரர்... இவ்வளவு நேரமும் பின்னோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார்!

"முறுக்கைக் கொறிச்சுக்கிட்டு, கதை பேசிக்கிட்டு, ராஜா மாதிரி வந்தான்!" பெரியப்பா உறுமினார். "குடல் புரளவே இல்லை. அவனுக்கு வேண்டியது இந்தப் பன்னுக்காரன் பக்கத்துல ஒரு சீட்டு. ஜன்னல் மூலையில இவன், நடைவழியில அவன். சுரங்கத்துல சொருகிட்டு எந்திரிச்சுப் போயிட வேண்டியதுதான்!"

இன்ஸ்பெக்டர் குனிந்து பிணத்தின் பேண்ட்டைத் தூக்கினார். கெண்டைக்காலில் தோல் உறை கட்டியிருந்தது.

உறை காலி!

"கத்தி இவனோடதா?"

"உருவற சத்தம் கேட்டுச்சு. பாஞ்சு மணிக்கட்டைப் புடிச்சேன். திமிறினான். திருப்பினேன். மரம் புரட்டின கை... கொஞ்சம் ஆழமா இறங்கிடுச்சு."

"இவன் வருவான்னு முன்னாடியே தெரியுமா?"

"எவன்னு தெரியாது. ஏதோ ஒருத்தன் வருவான்னு தெரியும்."

"எப்படி?"

பெரியப்பாவின் வாய் இறுகியது. "அது வீட்டு விஷயம்."

அப்போது...

ட்ரிங்... ட்ரிங்...!

பிணத்தின் சட்டைப் பையில் ஃபோன்!

இன்ஸ்பெக்டர் எடுத்தார். திரையில் பேர் இல்லை. நம்பர் மட்டும்.

அவளும் எட்டிப் பார்த்தாள். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய நம்பர்!

இன்ஸ்பெக்டர் விரலை உதட்டில் வைத்து, ஸ்பீக்கரைத் தட்டினார்.

"என்னய்யா, சுரங்கம் தாண்டியிருக்குமே! பய காலியா?"

அண்ணனின் குரல்!

"ம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"சபாஷ்! பாப்பா அழறாளா? அழட்டும், அழட்டும். நான் பிளாட்பாரத்துலதான் நிக்கறேன். நானும் ரெண்டு சொட்டு விட்டுட்டு, கையோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்!"

கட்.

அவள் பெரியப்பா பக்கம் திரும்பினாள்.

"உன் அண்ணன் ஃபோன்ல ட்ராம், ரயில்னு வழி சொல்லிப் பேரம் பேசினது காதுல விழுந்துச்சு," பெரியப்பாவின் குரல் இறங்கியிருந்தது. "என்கிட்டயே வந்து, 'உங்க மானத்தைக் காப்பாத்தறேன் பெரியப்பா'ன்னு நிக்கறான் படவா! செவுள்ல ஒண்ணு விட்டேன். அடங்கல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே பெரியப்பா?"

"சொல்லத்தானே ட்ராம்ல வந்தேன்? நின்னியா நீ!"

* * *

பிளாட்பாரத்தில் அண்ணன் தயாராக நின்றான். கையில் கைக்குட்டை. கண்ணில் தண்ணீர் ரெடி.

முதலில் இறங்கியது பேக்கரிக்காரன். ரத்தச் சட்டையோடு... உயிரோடு!

அண்ணனின் கண்ணீர் அப்படியே உறைந்தது. பெரியப்பாவையும் காக்கிச் சட்டையையும் பார்த்தான். புரிந்துவிட்டது.

"வேலைக்கு ஆள் வெச்சா இப்படித்தான்டா!"

இடுப்பிலிருந்து வெட்டுக்கத்தி வந்தது. குறுக்கே பாய்ந்த இன்ஸ்பெக்டரின் முன்கை கிழிந்தது. அவர் உருவிய துப்பாக்கி தெறித்து விழுந்தது.

பெரியப்பா நடுவில் வந்து நின்றார்.

"நம்ம வீட்டுல கொலைகாரன்னு ஒருத்தன் பேர் எடுக்கறதைப் பாக்க நான் உயிரோட இருக்க மாட்டேன். என்னைத் தாண்டிப் போடா!"

"உயிரோட இருக்க வேண்டாம் பெருசு!"

மார்பில் ஓர் உதை!

பெரியப்பா மல்லாக்கப் பறந்தார். பிளாட்பாரத்தின் மறுபக்கத் தண்டவாளத்தில் போய் விழுந்தார்.

பாஆஆம்...!

வளைவில் எக்ஸ்பிரஸ்!

பேக்கரிக்காரன் யோசிக்கவில்லை. குதித்தான். தழும்புக் கைகள் அந்தக் கிழவரை மாவு மூட்டை மாதிரி அள்ளி மேலே வீசின. அவன் கைகளை ஊன்றி ஏறினான்... எதிரே ஓங்கிய கத்தியோடு மச்சான்!

மடார்!

அவளுடைய ட்ராலிப் பெட்டி அண்ணனின் முகத்தில் இறங்கியது. பற்கள் சிதறின.

"இது நீ சொன்ன ரூட்டுக்கு!"

மடார்!

"இது நீ போட்டுக் கொடுத்த டிக்கெட்டுக்கு!"

அவன் மூக்கும் வாயும் ஒன்றாகிச் சரிந்தான். இன்ஸ்பெக்டர் அவன் முதுகில் முட்டியை ஊன்றி விலங்கை மாட்டினார். பின்னால் எக்ஸ்பிரஸ் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது.

"நீங்களும் வரணும் பெரியவரே," இன்ஸ்பெக்டர் மூச்சிரைத்தார். "கத்தி அவனோடதா இருந்தாலும் கை உங்களோடது."

"வராம எங்க போகப் போறேன்? வாக்குமூலத்தை முழுசா எழுதிக்க. ஒரு எழுத்து மறைக்க மாட்டேன்."

பேக்கரிக்காரன் கை நீட்டினான். பெரியப்பா தட்டிவிட்டார். தானே எழ முயன்றார். முடியவில்லை. கொஞ்ச நேரம் வேறெங்கோ பார்த்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்தார்.

அவள் ட்ராலிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ... இவரை உங்களுக்குப் பிடிச்சிருக்கா பெரியப்பா?"

"யார் சொன்னா? இன்னிக்கும் பிடிக்கல, நாளைக்கும் பிடிக்காது!"

"பின்னே எதுக்கு இவருக்காக உயிரைக் கொடுக்க வந்தீங்க?"

பெரியப்பா சட்டைக் காலரைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தினார்.

"பிடிக்காத மாப்பிள்ளையைக் கொல்றதுதான் குடும்ப மானம்னா, உன் பெரியம்மாவோட அண்ணனுங்க கல்யாணத்தன்னிக்கே என்னைக் கூறு போட்டிருப்பானுங்களேடி!"