மூன்றாவது தட்டல்

பனி கரைந்திருந்த இடம்தான் றொய்சனுக்குப் பிடிபடவில்லை. வீட்டுச் சூடு மேலே கசியும் இடத்தில் கூரைப் பனி முதலில் கரையும். எங்கே சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷன் போதவில்லை என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் பார்க்டேலின் இந்தப் பழைய வீட்டில், கீழே அறையே இல்லாத இறவாரத்தின் மேல், ஓர் ஆள் படுத்திருக்கும் நீளத்துக்குக் கரைந்திருந்தது.

மேல்மாடிச் சுவரின் சிறு கதவு வழியே, கூரைச் சரிவுக்குள் தவழ்ந்து போனான். தரை முழுக்கப் பலகை. கடைசியில் ஒரு பலகையைக் கழற்றி அங்கே குழாயை விட்டால் போதும். வெளியே வாகனத்தில் நவரட்ணம் அண்ணை மெஷினில் கொட்டும் இன்சுலேஷன் காகிதத் தூள் காற்றோடு வந்து பலகைக்கு அடியை நிரப்பும். தூள் புகுந்துவிடும் என்று ஃபோனை வாகனத்திலேயே விட்டிருந்தான். அதனால் வீட்டுக்கார றெஜினா அன்ரி தன் ஃபோனோடு இறவாரத்தை ஒட்டிய கீழ் அறையில் நின்றார்.

"அன்ரி, நான் பலகையில ஒருக்காத் தட்டினால் அண்ணையை நிப்பாட்டச் சொல்லுங்கோ. ரெண்டு தரம் எண்டால் இன்னும் விடச் சொல்லுங்கோ."

"மூண்டு தரம் எண்டால் தேத்தண்ணி போடவோ, தம்பி?"

"ஓம், சீனி இல்லாமல்."

இடம் நிறைந்தால் குழாயின் இரைச்சல் தடித்து, கைக்குள் நடுங்கும். நடுங்கவில்லை. தூள் போய்க்கொண்டே இருந்தது. பழைய மரமும் எலிப் புழுக்கையும் மணத்த அந்த இருட்டில், நெடுநேரம் யாரோ போர்த்தியிருந்த கம்பளியின் வெதுவெதுப்பான வாடை இடைவெளியிலிருந்து எழுந்தது.

உள்ளிருந்து குழாயை எதுவோ மெல்ல இழுத்தது.

பிறகு உதறித் தள்ளியது. குழாய் துள்ளி அவனுக்குப் பின்னால் விழுந்து, அவனுக்கும் கதவுக்கும் நடுவே தூளைக் கக்கியது. திரும்ப இடமில்லை. கால்கள் புதைந்தன. கத்தினான். ஒலியையும் விழுங்கும் தூள் அது. குரல் முகமூடியைத் தாண்டவில்லை.

ஒருமுறை தட்டினான்.

பலகைக்கு அடியிலிருந்து இன்னொரு தட்டல்.

பலகையில் அழுந்திய காதில் அன்ரியின் குரல் கேட்டது. "ரெண்டு! இன்னும் விடட்டாம், அண்ணை!"

இரைச்சல் கூடியது. மறுபடி ஒருமுறை. மறுபடியும் அடியிலிருந்து ஒன்று.

இடுப்புவரை தூள். கையை ஓங்க முடியவில்லை. மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி விடாமல் குத்தப் பார்த்தான். இரண்டு தரம்தான் முடிந்தது.

அடியில், நிதானமாக, மூன்றாவது.

அன்ரி சிரித்தார். "உவனுக்கு இப்பவே தேத்தண்ணி வேணுமாம்!"

காலடிகள் படியிறங்கின. தேய்ந்தன.

மார்புவரை. கழுத்துவரை. மூச்சை அடக்கிக்கொண்டான்.

நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், பலகை இடைவெளியில் நிறைந்து நின்ற சாம்பல்நிறத் தூள் மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது.

மறுபடி உயர்ந்தது, அவன் முகத்தருகே.