ஜெபம் முடியும் வரை

ஷூவின் பித்தளைப் பொத்தானில் விழுந்திருந்த கீறல் வரைக்கும் தகட்டில் தெரிந்தது. முகத்தைத்தான் காணவில்லை.

ஏசுபாதம் அந்தக் கண்ணாடித் தகட்டைக் கழுவிக் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது ஒரே ஒரு தடவை. நெகட்டிவ் என்பதால் வெள்ளைக் கவுன் கறுப்பாகக் கிடந்தது. சவப்பெட்டியின் கால்மாட்டில் கேமராவை நிறுத்தி நீளவாக்கில் எடுத்த படம். ஷூ துல்லியம். தலைமாட்டில், ஈரத் துணியால் யாரோ துடைத்துவிட்டுப் போனது மாதிரி ஒரு கலங்கல். பார்த்த கையோடு தகட்டைத் துணியில் சுற்றி, மரப்பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டிவிட்டான். தோளுக்குப் பின்னால் நின்று மனைவி ஐடாவும் பார்த்துவிட்டாள் என்பது அவள் பேசிய பிறகுதான் தெரிந்தது.

"ஷூவ எடுத்து வச்சிகிறீங்க," என்றாள். "ஷூவுக்கா நான் அழுவுறேன்?"

அந்தக் கேமராவைத் தெரியாதவர்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் கிடையாது. சீமைக்குத் திரும்பிய எஞ்சின் துரை ஒருவர் ஏசுபாதத்தின் தலையில் கட்டிவிட்டுப் போனது. பெட்டி, துருத்தி, மூன்று கால் என்று அதை நகர்த்த ஒரு ஜோடி எருது வேண்டும். அது வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்குள் வந்தால் குடித்தனக்காரர்கள் வெளியே போகவேண்டும். கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அது வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவின் கோழி அந்த மாதம் முழுக்க முட்டையே வைக்கவில்லை. ஏசுபாதமோ சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் முட்டுக்கட்டை வைக்கிற தச்சன். மரமும் திருகாணியும் சேர்ந்த எதைக் கண்டாலும் விடமாட்டான். மகள் வின்னியை அதில் எத்தனையோ தடவை எடுக்கப் பார்த்தான். ஏழு வயசுக் குழந்தை ஆடாமல் நிற்குமா? ஒரு தகட்டில் நாலு கையோடு இருந்தாள். இன்னொன்றில் வெறும் புகையாக இருந்தாள். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சுரண்டிக் கழுவினான். அவள் ஆடாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான். அன்றைக்கும் முகத்தைக் கோட்டை விட்டான்.

பிளேக் பயத்தில் ஊர் நடுங்கிய வருஷம் அது. எந்தக் காய்ச்சலில் போனாலும் வெயில் தாழ்வதற்குள் அடக்கம் செய்துவிடுவார்கள். வின்னிக்கு விடியற்காலையில் மூச்சு நின்றது; மத்தியானம் பெட்டி; சாயங்காலம் மண்.

அதற்குப் பின் ஐடா அழுதுகொண்டிருந்தவரைக்கும் ஏசுபாதம் தாங்கினான். ஒரு நாள் அடுப்படியில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாங்க, அதுக்குப் புருவம் சேந்து இருந்திச்சா, தனியா இருந்திச்சா?"

அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

"மறந்துகினே வருதுங்க. தெனம் கொஞ்சம் போவுது. படத்துல தப்பு எங்கன்னு கண்டுபிடிங்க. தெரிஞ்சா திருத்தலாமில்ல?"

திருத்த முடியாது என்று தெரிந்தும் சரி என்று தலையாட்டினான்.

தங்கத்தை உருக்கிப் பார்க்கிற ஆபீஸில் இருந்த ஆர்தரிடம் போனான். ஆர்தர் ஏசுபாதத்தோடு கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவன். கேமரா விஷயத்தில் சீமையையே விலைக்குக் கேட்பான்.

"இன்னாப்பா, கால்மாட்டுல நின்னு கால ஃபோகஸ் பண்ணா தல எங்க வரும்? அடுத்த ஸ்டேசன்ல வரும்!" என்று சிரித்தவன், எந்தப் படத்தைப் பற்றிய பேச்சென்று உறைத்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "கேமரா நேரா நின்னா தெளிவும் செவுரு மாதிரி நேரா நிக்கும். அந்தச் செவுத்துல ஒட்டிகினு கீறதுதான் தெரியும். லென்ஸ் மாட்டின முன்பலகய லேசா முன்னால குனிய வை. செவுரு அப்படியே மல்லாந்து, பாய் விரிச்ச மாதிரி பெட்டி மேல படுத்துக்கும். காலும் தெரியும், தலயும் தெரியும்."

"அவ்ளோதானா?"

"மங்கல்ல ரெண்டு ஜாதி கீது, அதையும் தெரிஞ்சிக்க. ஃபோகஸ் போனா பஞ்சு மாதிரி எல்லாப் பக்கமும் ஊதும். ஆளு ஆடிட்டா ஒரு பக்கமா இழுக்கும்."

"வின்னி ஆடலயே, ஆர்தரு."

ஆர்தர் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு தராசைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஷிப்ட் முடிந்து வந்த சாயங்காலங்களில் பழகினான். பெட்டியின் நீளத்துக்கு ஒரு பெஞ்சு. அதன்மேல் எதையாவது வரிசையாக வைக்கலாம் என்று அவன் நினைத்திருக்க, ஐடா வின்னியின் இன்னொரு கவுனில் தேங்காய்நாரை அடைத்துக் கொண்டுவந்து கிடத்தினாள். மறுநாள் அதற்குத் துணியில் ஒரு தலையும் வைத்துத் தைத்தாள். "தல இல்லாம எப்படிக் கத்துப்பீங்க?" கண் மூக்கு எதுவும் இல்லாத தலை. சவப்பெட்டியில் வைத்ததைப் போலவே பூவேலை செய்த தலையணையில் அதைச் சாய்த்துவைத்தாள். அவன் விளக்கை அணைக்கப் போகும்போது, அதன் கழுத்துவரைக்கும் போர்வை இழுத்து விடப்பட்டிருந்தது.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் மண்ணெண்ணெய் வாடையும் தன் மூச்சின் சூடும் மட்டும்தான். எதிரே சொரசொரத்த கண்ணாடியில் வீடு தலைகீழாகத் தொங்கும், பெஞ்சு கூரையில் ஒட்டியிருக்கும், தூரத்து மில்லில் கல்லை இடிக்கிற இரும்பு உலக்கைகளின் ஒவ்வொரு அடிக்கும் அந்த உலகம் முழுவதும் நடுங்கும். முன்பலகையை மயிரிழை குனிய வைப்பான். பின்னால் கண்ணாடியை நகர்த்துவான். மறுபடி குனிய வைப்பான். தெளிவு கவுனின் விளிம்பைத் தொட்டு, இடுப்புக்கு ஏறி, கைமடிப்புக்கு ஏறி, யாரோ படுக்கையை நீவிவிட்டுக்கொண்டே மேலே போவதுபோல, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஏறியது. கழுத்தை நெருங்க நெருங்க அவன் பலகையைக் குனிய வைப்பது மெதுவாகிக்கொண்டே வந்தது. ஏன் என்று தெரியவில்லை. துணித் தலைதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கூடிவந்தது. லென்ஸின் மூடியைக் கழற்றிவிட்டு, வழக்கம்போலப் பரமண்டல ஜெபத்தைச் சொன்னான். அவனுக்குக் கடிகாரம் அதுதான். ஆமென் என்றதும் மூடுவான். கழுவிப் பார்த்தால் கால்முனையிலிருந்து தலையணைப் பூ வரைக்கும் எண்ணி எடுக்கலாம்.

"தப்பு தெரிஞ்சிடுச்சில்ல?" ஐடா மரப்பெட்டியைக் காட்டினாள். "இப்ப அத எடுங்க."

மரப்பெட்டியைத் திறந்தான். அன்றைக்கு எவ்வளவு குனிய வைத்திருக்க வேண்டும் என்று பார்த்துவிடலாம், அவ்வளவுதான். பூதக்கண்ணாடியை வைத்து, கால்மாட்டிலிருந்து மெதுவாக ஏற்றினான்.

ஷூ. கவுன் விளிம்பு. கோத்து வைத்த விரல்கள். விரல்களுக்கு நடுவே காகிதப் பூ. அதன் மடிப்புகூடத் துல்லியம். அவன் கை நின்றது. பலகை நேராக நின்றிருந்தால் விரல் தெளிவாக இருக்கக்கூடாதே.

முகத்தைத் தாண்டித் தலையணைக்குப் போனான்.

பூவேலை தெரிந்தது. ஒவ்வொரு தையலும். ஒவ்வொரு ஊசி ஓட்டையும்.

அன்றைக்கு அவசரத்தில் முன்பலகையின் திருகாணியை இறுக்காமல் விட்டிருக்கிறான். பலகை தானாகவே குனிந்திருக்கிறது. தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறான். காலும் தெளிவு. தலைமாடும் தெளிவு. நடுவில் முகம் மட்டும்.

பஞ்சு மாதிரி ஊதவில்லை.

இழுத்திருந்தது.

ஒரு பக்கமாக.

அன்றைக்கு உபதேசியாரிடம் அவன்தான் கேட்டுக்கொண்டான்: நான் மூடியைக் கழற்றியதும் ஜெபத்தை ஆரம்பியுங்கள், ஜனங்கள் ஆடாமல் நிற்பார்கள். ஜனங்கள் நின்றார்கள். எல்லார் தலையும் குனிந்திருந்தது. எல்லார் கண்ணும் மூடியிருந்தது. ஐடாவின் கண். உபதேசியாரின் கண். அவன் கண்ணும். சின்ன வயசுப் பழக்கம். ஆமென் வரைக்கும் அந்தப் பெட்டியை எவரும் பார்க்கவில்லை.

லென்ஸ் பார்த்தது.

பிறகு சவப்பெட்டியின் மூடி. அவன் இழைத்த பலகை. எறும்பு நுழைய இடமில்லை என்று ஆட்கள் மெச்சினார்கள். அவன் முறுக்கிய திருகாணிகள். கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளும்போது காலுக்கடியில் ஒரு மெல்லிய இடி. பிறகு இன்னொன்று. எவரும் திரும்பவில்லை. இந்த ஊரில் பூமி இடிப்பது புதிதா? கீழ சுரங்க லெவல்ல வெடி போடுறாங்க, என்றது ஒரு குரல்.

அவன் குரல்.

"கொடுங்க," என்று ஐடா பூதக்கண்ணாடியை வாங்கினாள்.

"வேணாம் ஐடா."

"இன்னா வேணாம்?"

 ஐடா தகட்டை ஜன்னலுக்கு நேரே தூக்கினாள். கண்ணைச் சுருக்கினாள். இழுப்பின் வழியே கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி, அது முடிகிற ஓரத்துக்குப் போனாள். இழுத்துக்கொண்டே போனது அங்கே ஓரிடத்தில் நின்றிருந்தது. வெகுநேரம் அசையாமல் நின்றிருந்தது.

"கீதுங்க!" என்று கத்தினாள். "மூஞ்சி கீது! இங்க, ஓரமா! புருவம் தனித்தனியா... அய்யோ, என் கண்ணு, தனித்தனியாத்தான் கீது!"

மாதக்கணக்கில் மறந்துபோயிருந்த சிரிப்பு அவள் முகத்துக்குத் திரும்பியிருந்தது. தொப்பலாய் நனைந்த கன்னத்தோடு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"திருத்திட்டீங்களே! கண்ண முழிச்சிகினு கீதுங்க. வாயத் தொறந்து இன்னாவோ சொல்லுது. உங்களத்தாங்க பாக்குது."

தகட்டில் முத்தம் கொடுத்தாள். அவள் மூச்சு படிந்த இடம் மெல்லத் தெளிந்தது. நெகட்டிவில் கறுத்துப்போன சின்ன முகம். விழியும் வாயும் இருந்த இடத்தில் மட்டும் கண்ணாடி வெறுமையாக இருந்தது. அந்த மூன்று துளைகளின் வழியாகச் சாயங்கால வெளிச்சம் உள்ளே வந்து, அவன் சட்டை மேல் நின்றது.