கதவில் மனிதர் வரிசை

இன்பராணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள். அதில் தெரிந்த அவள் வீட்டுக் கதவின் மின்பலகையில் 'சாமான் வரிசை' என்றுதான் இருந்தது.

நகரத்தை நடத்தும் கணினியான நகர்மூளை, ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர்களை அடுக்கி ஒரு வரிசையாக வைத்திருந்தது. வெள்ளத்தில் ஆட்களை மீட்கும் ஆளில்லாப் படகுகள் வரிசையின் இனத்தை அதனிடம் கேட்டு, மனிதர் என்றால்தான் நிற்கும். அவற்றுக்கு இதுதான் முதல் வெள்ளம். கதவுகளில் அந்த இனம் இதுவரை '[[ம;' என்பது போன்ற கிறுக்கலாகத் தெரிந்தது. யாருக்கும் புரியவில்லை, அதனால் யாரும் சண்டைக்கு வரவில்லை. பேரிடர் மையத்தில் நிரல் எழுதும் இன்பராணி, அதைப் படிக்கும்படி மாற்றும் பெயர்விளக்கியை இன்று காலைதான் ஓடவிட்டிருந்தாள்.

வீட்டிலிருந்து கணவன் தேவசகாயம் தொலைபேசியில் அழைத்தான். "படகு நம்ம வாசல்ல நிக்காமப் போயிடுச்சு ராணி. பாப்பாவத் தூக்கிட்டு மாடிப்படியில நிக்கிறேன். தண்ணி ஏறுது."

"நம்ம வரிசையில யார் யாருங்க இருக்கோம்?"

"நீ, நான், பாப்பா, கண்ணாத்தா. வேற யாரு?"

கண்ணாத்தா சமையல் எந்திரம். அதுவும் வீட்டு ஆள்தானே என்று பாப்பாவின் பிறந்தநாளில் ஆசையாகச் சேர்த்திருந்தார்கள். ஊரில் பாதி வீடுகளில் இந்தக் கூத்து நடந்திருந்தது. வரிசையில் உள்ள எல்லோருக்கும் பொதுவான இனம் எதுவோ, அதுதான் நகர்மூளைக்கு அந்த வீட்டின் இனம். அதன் கணக்கில் மனிதர், எந்திரம் எல்லாமே சாமான் என்ற பேரினத்துக்குள் அடக்கம்; மூன்று மனிதருக்கும் ஓர் எந்திரத்துக்கும் பொதுவாக மிஞ்சியது அதுதான்.

 இன்பராணி உடனே வரிசையிலிருந்து கண்ணாத்தாவை நீக்கினாள். படகு திரும்பி வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டது.

மற்ற வீடுகளையும் சரிசெய்யலாம் என்று தேடினாள். ஊர் முழுக்க எல்லாக் கதவுகளிலும் 'மனிதர் வரிசை'. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான்தாம்மா மாத்தச் சொன்னேன்," என்றார் மையத்தின் தலைவர் கலியபெருமாள். "எங்களைச் சாமான்னு சொல்றீங்களான்னு காலையிலேருந்து ஒரே புகார். இனிமே உங்க விளக்கி எல்லாத்துக்கும் மனிதர்னே சொல்லும்."

"படகு கதவப் படிக்காதே சார். நகர்மூளைக்குள்ள இருக்கறது மாறலையே."

"சரி, எந்தெந்த வீடுன்னு பாருங்க."

"நாம பாக்கறதும் அதே விளக்கி வழியாத்தான் சார். பழையபடி திருப்ப சாயங்காலம் ஆயிடும்."

 அப்போது மையத்தின் தொலைபேசி ஒலித்தது. யாரோ ஒரு பெண், பின்னால் மழைச் சத்தம்.

"ரொம்ப நன்றிங்க. காலையில சாமான்னு இருந்த எங்க கதவுலயும் மனிதர்னு வந்துடுச்சு. மொட்டைமாடியில நிக்கிறோம். படகு எப்பங்க வரும்?"

விலாசம் கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.