தெளிந்த கிணறு

சோதனைப் பொடியைக் கொட்டி, தண்ணீர்க் குப்பியை மூடிக் குலுக்கி, சமையலறை ஜன்னலில் மிச்சமிருந்த சாயங்கால வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தண்ணீர் நிறம் மாறவில்லை. நேற்று வரை பொடி விழுந்த மறுகணமே செக்கச்செவேலென்று ஆகி, நிற அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிப் போன கிணற்றுத் தண்ணீர் அது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். தண்ணீரில் இரும்பு ஏறி, வாளியெல்லாம் காவி படிந்து, அதைக் குடித்து வயிறு கெட்ட மகள் பாதியாக இளைத்துப் போயிருந்தாள். மகளுக்காகச் சோதனைப் பெட்டி வாங்கியதும் அவள்தான். தூர் வாரச் சொல்லிக் கணவனை நச்சரித்ததும் அவள்தான். சட்டையைக் காணோம் என்றாலே ஊரைக் கூட்டுகிறவன் அவன். மோட்டார் போட்டுக் கிணற்றை வற்றவைத்து, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மதியம் புலம்பிக்கொண்டே இறங்கினான்.

"கீழ பேசினா மேல கேக்காது. இரும்பு பைப்புல மூணு தட்டு தட்டறேன். ஏறி வரேன்னு அர்த்தம். கயித்த இழுத்துப் பிடிச்சுக்கோ."

தட்டல் கேட்டது. இழுத்துப் பிடித்தாள். ஏறி வந்தவனின் இடுப்பில் கயிறு இல்லை, கையில் சுற்றியிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. முதுகு போச்சு, இடுப்பு போச்சு என்று ஒரு பாட்டம் அழுவான் என்று காத்திருந்தவளுக்கு அதுவே என்னவோ போலிருந்தது. களைப்பாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் ஊற்று பெருகி, கிணறு பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது.

இப்போது கூடத்தில் விளக்குப் போடாமல் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். குளித்து, துணி மாற்றியும், அங்கிருந்து நனைந்த துருவின் வாடை விட்டு விட்டு வருகிறது. எங்கோ சொட்டுகிற சத்தம் வேறு. குழாயை இறுக மூடினாள். சொட்டுவது நிற்கவில்லை.

எதற்கும் இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்று கைக்கு எட்டிய டம்ளரை எடுத்தாள். அதே தண்ணீர்தான், அவன் பாதி குடித்து வைத்தது. குப்பியில் ஊற்றிப் பொடியைப் போட்டாள்.

சிவந்தது. குலுக்கவே இல்லை. இன்னும் சிவந்தது. பிறகு கறுத்தது.

டம்ளர் விளிம்பைப் பார்த்தாள். உதடு பட்ட இடத்தில் காவி. தரையைப் பார்த்தாள். கிணற்றடியிலிருந்து கூடம் வரை அவன் நடந்த ஈரம் காய்ந்திருந்தது. அடிக்கு அடி காவி.

கிணற்றிலிருந்த இரும்பெல்லாம் எங்கே போயிற்று?

டங். டங். டங்.

கிணற்றிலிருந்து சுவரோரம் குழாய்க்கு ஏறும் அதே இரும்பு பைப்பில்தான். வலுவில்லாத தட்டல். கிணற்றின் அடியிலிருந்து, தண்ணீருக்குள்ளிருந்து, ஏறி வருகிறேன் என்கிறது.

திரும்பினாள். சமையலறை வாசற்படியில் அவன் நின்றிருந்தான், இடுப்பில் மகளோடு. குழந்தையின் கவுனில் அவனுடைய ஐந்து விரலும் துருவாகப் பதிந்திருந்தன.

"அம்மா, அப்பா பேசவே மாட்டேங்கிறாரு."

அவன் வாயைத் திறந்தான். மகளின் உச்சந்தலையில் காவித் தண்ணீர் சொட்டியது. குழந்தை அண்ணாந்து பார்த்தாள்.

பைப்பில் மறுபடி தட்டல் கேட்டது. இரண்டோடு நின்றுவிட்டது.